வேலம்மாவின் இடமும் மூன்று வீட்டுக் காரும்

வேலம்மா பொன்னேரி மீன் மார்க்கெட்டில் முதன்முதலாகக் கூடையை இறக்கியது 2003ஆம் ஆண்டு மார்ச் 13, வியாழக்கிழமை. இந்தத் தேதி அவள் சொன்னதல்ல. மகளுக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள் என்று மட்டும் சொன்னாள். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். மார்ச் 12 என்று இருந்தது. அப்போது அவளுக்கு வயது இருபத்தைந்து.

முதல் நான்கு ஆண்டுகள் மார்க்கெட்டுக்கு வெளியே, சாக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்றாள். மழை வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடை வாசலுக்கு ஓடுவாள். கடைக்காரர் விரட்டுவார். 2007இல்தான் உள்ளே, சிமெண்டு மேடையில், வாசலிலிருந்து நான்காவது இடம் கிடைத்தது. அதில் இருந்த அம்மாள் மகள் வீட்டோடு செங்குன்றம் போய்விட்டார்.

மேடையில் மொத்தம் பதினான்கு இடங்கள். எதற்கும் சீட்டு கிடையாது. விற்கும் பெண்கள் தமக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் மட்டும் உண்டு. காலை ஆறரை மணிக்கு மேடையைக் கழுவிவிடுவார்கள். கழுவி முடிக்கும்போது எந்த இடத்தில் ஆள் இல்லையோ, அந்த இடம் அன்றைக்கு வெளியே காத்திருப்பவளுக்கு. தொடர்ந்து மூன்று நாள் உரியவள் அந்த நேரத்துக்கு வராவிட்டால் வந்து உட்கார்ந்தவளுக்கே அது சொந்தம். கழுவும் நேரத்துக்கு ஆள் இருந்தால் போதும், கூடையில் மீன் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இப்படிப் பதினெட்டு ஆண்டுகள் வேலம்மா அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அவள் கணவன் கிருஷ்ணன் எங்கள் ஊரான தோணிரேவில், ஏரியில் வலை கட்டி மீன் பிடிப்பவன். வலையில் விழுவதை விடியுமுன், படகு கரையேறும் ரேவில், இவள் கையில் கொடுப்பான். அந்த இடம் போனால் மறுபடி சாக்கடைப் பலகைதான். நாற்பத்தேழு வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்த நிலையில், வேலம்மாவால் தரையில் குந்தி விற்க முடியாது.

எங்கள் ஊர்ப் பெண்களைப் பொன்னேரிக்கு ஏற்றிச் செல்லும் டெம்போ ஒன்று இருந்தது. 2025 ஜூன் 20ஆம் தேதி அதன் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார். பஸ்ஸில் மீன் பெட்டியை ஏற்ற விடுவதில்லை. ஷேர் ஆட்டோ ஐந்து மணிக்குக் கிளம்பினால் உண்டு, ஆள் சேராவிட்டால் ஐந்தரையும் ஆகும். ஜூன் கடைசி பத்து நாட்களில் வேலம்மா நான்கு நாள் இடத்தைக் கோட்டைவிட்டாள். நல்ல வேளையாக அவை தொடர்ந்த நாட்கள் அல்ல.

அப்போதுதான் கார்ப் பேச்சு வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்துச் சாலமன் தன் வேகன் ஆர் காரை விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். 2015ஆம் ஆண்டு வண்டி, வெள்ளி நிறம், 71,340 கிலோமீட்டர் ஓடியது. மனைவியைப் பொன்னேரிக்கு வேலைக்குக் கொண்டுபோய் விடுவதற்காக வாங்கியவர். அந்த அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். விலை இரண்டே கால் லட்சம். ஒரு வீட்டால் முடியாது. வேலம்மா, அடுத்த தெரு ருக்கு, லோகநாயகி ஆகிய மூன்று வீட்டுக்காரிகளும் சேர்ந்து வாங்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ருக்கு முப்பத்து நான்கு வயதுக்காரி. மார்க்கெட்டில் இடம் இல்லாமல் பொன்னேரித் தெருக்களில் சுற்றி விற்பவள். லோகநாயகியின் கணவன் அர்ஜுனன் சென்னையில் பதினோரு ஆண்டு வேன் ஓட்டியவன். ஆக, டிரைவருக்கும் வெளியே போக வேண்டியதில்லை.

ஜூலை 6, ஞாயிறு மாலை மூன்று வீட்டாரும் நானுமாகச் சாலமன் வீட்டுக்குப் போனோம். கிருஷ்ணன் வந்ததும் வராததுமாகக் காருக்கு அடியில் படுத்துவிட்டான். படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான்.

“அண்ணே, இங்க சத்தம் வேற மாதிரி வருது. துரு புட்ச்சிகீது.”

“கடல பாத்து நிக்கிற வண்டி, துரு புடிக்காம பூ பூக்குமா?” என்றார் சாலமன்.

“ஒரு கோட்டிங் பைபர் அட்ச்சிட்டா சரியாப் பூடும். படகுக்கு அடிக்கிற மாதிரி.”

அர்ஜுனன் தலையில் அடித்துக்கொண்டான். “யோவ், இத ரோட்ல வுடப் போறியா, ஏரில வுடப் போறியா? வெல்டிங் பட்டறைல ஒரு தகடு வெச்சா போதும். நீ மொதல்ல வெளிய வா.”

வேலம்மா துருவைப் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து, கையோடு கொண்டுவந்திருந்த தெர்மாகோல் பெட்டியை உள்ளே வைத்துப் பார்த்தாள். பின் சீட் நிமிர்ந்திருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிதான் நிற்கும் என்று தெரிந்தது.

“மீன் ஏத்துனா நாத்தம் போவாதே, சாலமன் அண்ணே. ஓட்டிப் பாத்துட்டு வாங்கலன்னா திருப்பி எப்டி குடுக்கறது?” என்று கேட்டாள்.

“நான் இன்னா சந்தனக் கட்டையா விக்கிறேன்? எங்க ஊட்லயும் கருவாடுதான். பத்து பன்னண்டு நாள் ஓட்டிப் பாருங்க. பெட்ரோல் உங்க பாடு. வெள்ளிக்கெழம பதினெட்டாம் தேதி முடிவு சொல்லிடுங்க. மாதவரத்துக்காரன் ஒருத்தன் கேட்டுகினு கீறான்.”

அன்று இரவே மூன்று பெண்களும் என்னிடம் வந்தார்கள். நான் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவன். எங்கள் ஊரின் ‘பாடு’ முறையை முப்பத்தொரு ஆண்டுகள் எழுதி வைத்தவன். பாடு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்ட முடியாது. ஆகவே முறை வைத்து, இன்ன நாள் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்கிறோம். அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவன் ஒருவனுக்கே. மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் நாள் போனால் போனதுதான், அடுத்த நாளுக்குச் சேராது. தன் பாட்டை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது. அதைக் கேட்பதே மரியாதை இல்லை. விட்டுக்கொடுக்கலாம் என்று ஆரம்பித்தால் நாளடைவில் விற்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது முன்னோர் பயம்.

“மாமா, காருக்கும் ஒரு பாடு போட்டுக் குட்த்துடு. அப்பால சண்ட வராது” என்றாள் ருக்கு.

அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். திங்கள் வேலம்மா, செவ்வாய் ருக்கு, புதன் லோகநாயகி. மறுபடி வியாழன் வேலம்மா. இப்படியே சுழலும். யாருடைய நாளோ, அவளுக்கே கார். நான் உள்பட ஒருவருக்கும் அதில் தவறு தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள். வேலம்மா தன் இரண்டு பெட்டியுடன் 4.55க்குக் கிளம்பி 5.40க்கு மார்க்கெட்டில் இருந்தாள். ஒரு குறையும் இல்லை.

8ஆம் தேதி ருக்குவின் நாள். அவள் பொன்னேரிக்கே போகவில்லை. எளாவூரில் உயிர் நண்டு வாங்கும் வியாபாரி ஒருவர் நல்ல விலை தருகிறார் என்று அங்கே போய்விட்டாள். அவள் நாள், அவள் இஷ்டம். வேலம்மா ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மணி 6.50. அவள் இடத்தில் வேறொருத்தி வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தாள்.

9ஆம் தேதி லோகநாயகியின் நாள். அவர்கள் வீட்டில் அன்று மீன் இல்லை. கார் வாசலில் நின்றது. அர்ஜுனன் அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். வேலம்மா பன்னிரண்டு கிலோ மடவை மீனோடு அந்த வழியாகத்தான் ஆட்டோவுக்கு நடந்து போனாள். அவளும் கேட்கவில்லை, லோகநாயகியும் சொல்லவில்லை. பாட்டில் அப்படிக் கேட்பதும் சொல்வதும் வழக்கமில்லையே. அன்று ஆட்டோ புறப்பட்டது 5.35க்கு. இரண்டாம் நாளும் இடம் போயிற்று.

10ஆம் தேதி வியாழன், வேலம்மாவின் நாள். விடியுமுன் கிருஷ்ணன் கொண்டுவந்த வலையில் சொறி என்கிற ஜெல்லிமீன் மட்டும்தான் இருந்தது. விற்க ஒரு மீன்கூட இல்லை. ருக்கு வீட்டிலோ முப்பது கிலோ நண்டு. ருக்கு பெட்டிகளைத் தெருமுனையில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். கார் அவளைத் தாண்டிப் போயிற்று. உள்ளே முன் சீட்டில் வேலம்மா, பின்னால் இரண்டு காலிப் பெட்டிகள்.

நடந்ததை அர்ஜுனன் அன்று பகல் என்னிடம் சொன்னான்.

“பெரிப்பா, எனக்கு வெக்கமா பூட்ச்சி. ‘அக்கா, அந்தப் பொண்ணு நிக்குது பாரு’ன்னேன். ‘இன்னிக்கி யாரு பாடு’ன்னு கேட்டுது. ‘உன்னுது’ன்னேன். ‘அப்ப ஓட்டு’ன்னுட்ச்சி. மார்க்கெட்ல போய் காலிக் கூடய முன்னால வெச்சிகினு ஒம்போது மணி வரிக்கும் ஒக்காந்துகினு இருந்துது. பக்கத்துல இருக்கறவ ‘இன்னா வேலம்மா, இன்னிக்கி காத்து கிலோ எவ்ளோ’ன்னு கேக்கறா. ‘உன் வாய்க்கி ஓசிலயே தரேன், வாங்கிக்கோ’ன்னு இது சொல்லுது.”

அதுவரை அந்தக் கார் மீன் சுமக்கத்தான் என்று நினைத்திருந்தேன். வேலம்மாவுக்கு அது ஆறரை மணிக்குள் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி. மீன் அதற்குப் பிறகுதான்.

மாலையில் ருக்கு என் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டாள். பின்னாலேயே வேலம்மாவும் வந்தாள்.

“முப்பது கிலோ நண்டு மாமா! பாதி செத்துப் பூட்ச்சி. இவ காலிப் பொட்டிய காருல வெச்சி ஊர்கோலம் போறா!”

“நீ எளாவூர் போனியே, எங்கிட்ட கேட்டியா? எனக்கு மூணாவது நாளுடி. போவலன்னா என் எடம் பூட்ச்சி.”

“வாய தொறந்து சொல்றது?”

“நீ வாய தொறந்து கேக்கறது? பாட்ட எப்டிக் கேப்பன்னு நீயும் பேசாம நின்ன இல்ல?”

அவர்கள் இருவர் மீதும் குற்றமில்லை என்று நான் சொன்னேன். தவறு நான் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. ஏரியில் ஒரு இடத்தில் ஒரு வலைதான் கட்ட முடியும், அதனால் தண்ணீருக்குப் பாடு சரி. காரில் ஒருத்தி பெட்டி இருந்தால் இன்னொருத்தி பெட்டி நிற்காது என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஊரில் குழாய்த் தண்ணீர் முதல் திருவிழா வேலை வரை எல்லாவற்றையும் பாட்டில் பிரித்துப் பழகிய கை, யோசிக்காமல் எழுதிவிட்டது. அவர்கள் எதிரிலேயே அந்தத் தாளைக் கிழித்தேன்.

மறுநாள் பிற்பகல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரை அளந்தேன். பின் சீட்டை மடக்கினால் பின் கதவிலிருந்து முன் சீட் முதுகு வரை 48 அங்குலம் கிடைத்தது. கூரை உயரமான வண்டி என்பதால் பெட்டி மேல் பெட்டி வைக்கலாம். 22 அங்குலப் பெட்டி எட்டு நின்றது. அடியில் தார்ப்பாய் போட்டு எட்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மூன்று வீட்டு மீனும் ஒரே நடையில் போகும். ஆனால் சீட் மடங்கிவிட்டால் டிரைவரைத் தவிர ஒருத்திக்குத்தான் இடம். மூவரும் ஏறினால் இரண்டு பெட்டிக்கு மேல் போகாது.

“அப்ப ஒருத்தி மூணு வூட்டு மீனையும் எட்த்துகினு போய் விக்கணும். மத்த ரெண்டு பேரும் வூட்ல இருக்கணும். நாளுக்கு ஒருத்தி” என்றாள் லோகநாயகி. “எங்க ஒக்காந்து விக்கறது? எட்டு பொட்டிய தூக்கிகினு தெருத்தெருவா சுத்த முடியுமா?”

யாரும் வேலம்மாவைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் விடை தெரியும். மூன்று வீட்டுக்கும் சேர்த்து இருந்தது அந்த நான்காவது இடம் ஒன்றுதான்.

வேலம்மா நான் சொல்வதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டாள். “ரெண்டு நாள் இவளுங்க, மூணாம் நாள் நான். வழக்கப்படி தப்பில்ல. எனக்கு ஜுரம் வந்தா?”

அவள் கேட்டது நியாயம். அவளுடைய நாளில் அவளால் போக முடியாவிட்டால் மூன்று நாள் தொடர்ந்து அவள் வராததாகிவிடும். வழக்கப்படி இடம், உட்கார்ந்திருந்தவளுக்கு. நான் எழுதிக் கொடுக்கும் எந்தத் தாளும் மேடையில் செல்லாது.

“நான் யோசிக்கணும் மாமா” என்று போய்விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காருக்கு முறை வைக்கவில்லை. சனிக்கிழமை எட்டுப் பெட்டியோடு அவளே போனாள். ஞாயிறன்றும் அவளே. மூன்று வீட்டு மீனும் விற்றுத் தீர்ந்தது. ஆனால் ஞாயிறு பகல் திரும்பி வந்து இறங்கும்போது முழங்கால் மடங்கவில்லை. அர்ஜுனனும் கிருஷ்ணனும் பிடித்து இறக்கினார்கள். தினமும் ஒருத்தியே எட்டுப் பெட்டியை விற்று வர முடியாது என்பது அவளுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் ருக்கு வீட்டுக்கு நடந்து போய், “நாளிக்கி நீ போ” என்றாளாம். “மேடைல யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவ?”

“வேலம்மாக்கா எடம், அது அனுப்ச்சிதுன்னு சொல்லுவேன்.”

“வாசல்லருந்து நாலாவது. தூண் பக்கத்துல ஒக்காராத, அது பக்கத்து எடம். தராச இடது கைப் பக்கம் வெய். வலது பக்கம் வெச்சா அவளுக்கு இடிக்கும், கத்துவா.”

ஜூலை 14, திங்கள். பதினெட்டு ஆண்டுகளில் உடம்பு சரியாக இருந்தும் வேலம்மா மார்க்கெட்டுக்குப் போகாத முதல் நாள். காலை ஆறு மணிக்கு நான் ரேவுப் பக்கம் போனபோது அவள் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். வழக்கமாக அந்த நேரத்தில் அவளை ஊரில் பார்த்ததில்லை என்பதால் போகிற வருகிறவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

6.32க்கு அவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் மார்க்கெட் இரைச்சல் கேட்டது.

“ஒக்காந்துட்டியா?”

“ஒக்காந்துட்டேன்க்கா. கழுவிட்டுப் பூட்டாங்க. எம்பொடவைல பாதித் தண்ணி.”

“யாராச்சும் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. சொன்னேன். ‘அப்ப அவளுக்கு இன்னா, மகாராணி ஆயிட்டாளா’ன்னாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“ஆமான்னேன். வுடுக்கா, ஆளு வந்துகீது, எறா கேக்கறாங்க.”

போனை வைத்த பிறகும் வேலம்மா வெகு நேரம் அங்கேயே இருந்தாள்.

செவ்வாய் லோகநாயகி போனாள். புதன் வேலம்மா. அவள் போனபோது இடம் காலியாக அவளுக்கே இருந்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே முறை சென்றது. காரும் தினமும் ஐந்து, ஆறு பெட்டிக்குக் குறையாமல் போய் வந்தது.

ஜூலை 18, வெள்ளி மாலை சாலமன் எங்கள் ஊருக்கே வந்தார். துருவுக்குத் தகடு வைக்கும் செலவை விலையில் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். பெயர் மாற்றும் படிவங்களையும் கொண்டுவந்திருந்தார். என்னை நிரப்பச் சொன்னார்கள். வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மூன்று பேர் பெயர் எழுத அதில் வழியில்லை. இதை யாரும் முன்பு யோசிக்கவில்லை.

ருக்குதான் முதலில் பேசினாள். அவள் இதைப் பற்றி ஏற்கெனவே நினைத்திருக்க வேண்டும்.

“அக்கா பேர்ல எழுது மாமா. எடத்த நான் அமுக்கிடுவனோன்னு அக்காக்கு பயம் கீது. தப்பு சொல்லல, நானா இருந்தாலும் பயப்படுவேன். காரு அக்கா பேர்ல இருக்கட்டும். எடத்த நான் தூக்கிகினு பூட்டா, அக்கா கார தூக்கிகினு போவட்டும்.”

கிருஷ்ணனுக்கு அது சரியென்று பட்டது. தலையை ஆட்டினான். நானும் சரி என்றுதான் நினைத்தேன். எழுதப் போனேன்.

“இரு மாமா” என்றாள் வேலம்மா. “எடமும் என்னுது, காரும் என்னுதுன்னா, இவளுங்க யாரு? எனக்குக் கூலிக்கு விக்கறவளுங்களா? பத்து நாள் கழிச்சி அப்டித்தான் பேச்சி வரும். ‘அவ காரு, அவ எடம், நம்ம ஏன் ஒழைக்கணும்’னு. அப்பால, ருக்கு, நீயே எடத்த எட்த்துக்குவ. தப்புன்னுகூடத் தோணாது உனக்கு.”

“அக்கா, நான்…”

“இருடி. காரு உம்பேர்ல இருக்கட்டும். ரெண்டு பேரு கிட்டயும் ஒண்ணொண்ணு இருக்கட்டும். நீ கார நிறுத்துனா நான் மார்க்கெட்டுக்குப் போவ முடியாது. நான் எடத்த நிறுத்துனா நீ விக்க முடியாது. பொழச்சிக்கலாம்.”

“அப்ப எனக்கு?” என்றாள் லோகநாயகி.

“உனக்குத்தான் நான் கீறேனே” என்றான் அர்ஜுனன். “நான் ஓட்டலன்னா இவங்க ரெண்டு பேரும் நடந்துதான் போவணும்.”

சாலமன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ருக்கு சிரிக்கவில்லை. வேலம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “எங்க கையெழுத்து போடணும் மாமா?” என்றாள். இடத்தைக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். நேரம் மாலை 6.10.

தங்களையும் கூடச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வேறொரு வீட்டார் அடுத்த வாரமே கேட்டார்கள். வேலம்மா முடியாது என்றுவிட்டாள். நான்காவதாக ஒருத்தி சேர்ந்தால் மேடையில் வேலம்மா இல்லாத நாட்கள் தொடர்ந்து மூன்றாகிவிடும். மூன்று வீட்டோடு நிற்கட்டும் என்று அவள் சொன்னதற்குக் காரணம் கேட்டவர்களுக்கு, “காருல எடமில்ல” என்று மட்டும் பதில் சொன்னாள்.